எஸ்டேட் காரா, எஸ்யூவியா: பிரிட்டனில் குடும்பக் கார் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

வால்வோ வி60 எஸ்டேட்டையும் (கூரை பின்கதவு வரை நீளும் தாழ்வான கார்) எக்ஸ்சி60 எஸ்யூவியையும் (உயரமான உடல் கொண்ட கார்) பக்கம் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று, எஞ்சின் குடும்பம் ஒன்று, முன் இருக்கைகளும் ஏறக்குறைய ஒன்று. எஸ்யூவி 20 செ.மீ.க்கு மேல் உயரம் அதிகம், எடை கூடுதல், விலையும் சில ஆயிரம் பவுண்ட் கூடுதல். ஆனால் டிக்கியைத் திறந்தால் எஸ்டேட்டில் 529 லிட்டர், எஸ்யூவியில் 483 லிட்டர். "குடும்பம் பெரிதாகிவிட்டது, பெரிய கார் வேண்டும்" என்று எஸ்யூவி பார்க்கப் போகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உயரம் கூடினால் இடமும் கூடும் என்று கண் நம்பிவிடுகிறது.

எஸ்யூவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் உயரம் இரண்டு வேலைகளை உண்மையிலேயே நன்றாகச் செய்யும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். மூன்றாம் வரிசை இருக்கை போடலாம். இந்த இரண்டில் ஒன்றாவது உங்கள் வீட்டில் வாரந்தோறும் தேவைப்பட்டால் எஸ்யூவி பக்கம் போங்கள். இரண்டும் தேவையில்லை என்றால், அதே காசுக்கு எஸ்டேட் அதிகம் தரும்: நீளமான டிக்கி, குறைந்த எரிபொருள் செலவு, மோட்டார்வேயில் ஆடாத ஓட்டம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் டூரிங்கும் எக்ஸ்3-யும், ஆடி ஏ4 அவான்ட்டும் க்யூ5-உம், ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட்டும் கோடியாக்கும் என்று எந்த ஜோடியை எடுத்தாலும் எரிபொருளிலும் ஓட்டத்திலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்; டிக்கி மட்டும் ஜோடிக்கு ஜோடி மாறும். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை அளவுநாடாவை வைத்து முடிவு செய்யும் வழி கீழே.

கடைக்குப் போகும் முன் எழுத வேண்டியது

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது காரில் உட்காரும் ஆட்கள் யார், அவர்களின் வயது, உயரம். குழந்தை இருக்கை எத்தனை, எந்த அளவு. காரை இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள், அந்த இடத்தின் நீள அகலம். ஒரு வழக்கமான வாரத்தில் எத்தனை மைல், அதில் மோட்டார்வே எவ்வளவு. ஆண்டில் அதிகபட்சச் சுமை ஏற்றும் நாள் எது, அப்படி எத்தனை நாள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் நாள், எல்லோரும் சேர்ந்து ஹீத்ரோ போகும் நாள் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் ஏழு இருக்கை தேவைப்படலாம். அதற்காக மீதி நாளெல்லாம் ஏழிருக்கை வண்டிக்கு எரிபொருளும் டயரும் வரியும் கட்டுவதைவிட, அந்த நாளுக்கு மட்டும் பெரிய டாக்ஸியோ வாடகை வேனோ எடுப்பது மலிவு. அதே பெற்றோர் ஆண்டில் ஆறு மாதம் உங்களோடு தங்கி, வாராவாரம் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் வருகிறார்கள் என்றால் கணக்கே வேறு.

டிக்கி: லிட்டரை நம்பாமல் நாடாவை நம்புங்கள்

விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 20 × 10 × 5 செ.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எடுப்பது. மூலை முடுக்கில் நுழையும் கட்டை ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். உங்கள் சூட்கேஸ் அந்த மூலையில் நுழையாது. சில கம்பெனிகள் தரைக்கு அடியில் உள்ள பள்ளத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. சில, பின் இருக்கையை முன்னால் நகர்த்தி, பெரியவர் கால் வைக்க முடியாத நிலையில் எடுத்த அளவைப் போடுகின்றன. ஆகவே இரண்டு கம்பெனிகளின் லிட்டரை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

நீங்களே அளக்க வேண்டியவை: பின் இருக்கையின் முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரை தரையின் நீளம், அதே நீளம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், இரண்டு சக்கரப் புடைப்புகளுக்கும் நடுவே உள்ள அகலம், தரையிலிருந்து மூடுதிரை (டிக்கிப் பொருளை மறைக்கும் திரை) வரை உயரம், நிலத்திலிருந்து டிக்கியின் கீழ்விளிம்பு வரை உயரம். அளக்கும்போது முன் இருக்கைகள், பின் இருக்கை எல்லாம் உங்கள் வீட்டார் உட்காரும் நிலையில் இருக்க வேண்டும். 50 செ.மீ. உயரத்தில் தனியாக அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இருக்கை முதுகு பின்னால் சாய்ந்திருக்கும், கதவு உள்ளே சாய்ந்திருக்கும். தரையில் ஒரு மீட்டருக்கு மேல் இருந்த நீளம் மேலே போகப் போகச் சுருங்கும். பின்பக்கம் கூரை சரிந்து வரும் கூபே வடிவ எஸ்யூவிகளில் இந்தச் சுருக்கம் மிக மோசம்.

ஊருக்குப் போகும் பெரிய சூட்கேஸ் ஒன்றைச் சுமார் 78 × 52 × 32 செ.மீ. என்று வையுங்கள். 78 செ.மீ. பக்கத்தைக் குறுக்காக வைத்து, இரண்டு பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படுக்கப் போட 104 செ.மீ. நீளம் வேண்டும். நடுத்தர அளவு எஸ்டேட்டுகளில் பல இந்த அளவை எட்டும் அல்லது நெருங்கும். அதே விலை எஸ்யூவிகளில் பெரும்பாலும் 90 முதல் 100 செ.மீ.தான் இருக்கும், இரண்டாவது பெட்டியை நிமிர்த்தி வைக்க நேரும். நிமிர்ந்த பெட்டி 52 செ.மீ. உயரம், மூடுதிரை விரியாது, மேலே இன்னொன்றைப் படுக்கவைக்கவும் முடியாது. எஸ்டேட்டில் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் 20 செ.மீ. போலப் பட்டையாக மிஞ்சும் இடத்தில் கைப்பைகள் போகும். மூன்றாவது பெட்டி மேலே படுக்கும். நான்காவது பெரிய பெட்டிக்கு எந்த வண்டியானாலும் பின் இருக்கையின் ஒரு பகுதியை மடிக்க வேண்டிவரும். நம்பிக்கை இல்லையென்றால் வெறும் பெட்டிகளைக் கடைக்கே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். நல்ல விற்பனையாளர் யாரும் தடுக்க மாட்டார்.

இருக்கை முதுகுக்கு மேலே பொருள் அடுக்கினால் தடுப்பு வலை கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 மைலில் போய் மோதும்போது 23 கிலோ பெட்டி பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலைக்கு மேலாகப் பறந்து வரும். பல எஸ்டேட்டுகளில் மூடுதிரைப் பெட்டிக்குள்ளேயே அந்த வலை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், கூரையில் கொக்கி மாட்டத் துளையும் இருக்கும். எஸ்யூவிகளில் இது பெரும்பாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பழைய கார் வாங்கும்போது வலை கையோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளரின் கராஜில் தங்கிவிடும் பொருள் இது.

கீழ்விளிம்பின் உயரம் அன்றாடம் முதுகில் தெரியும். எஸ்டேட்டில் பொதுவாக 60 முதல் 65 செ.மீ., எஸ்யூவியில் 70 முதல் 80. பத்து கிலோ அரிசி மூட்டைக்கு வித்தியாசம் தெரியாது. விசேஷத்துக்குச் சமைத்த அண்டாவைச் சாய்க்காமல் ஏற்றும்போதும், மடக்கிய சக்கர நாற்காலியைத் தூக்கும்போதும் அந்த 10 செ.மீ. நன்றாகத் தெரியும். விளிம்புக்கு உள்ளே தரை பள்ளமாக இல்லாமல் சமமாக இருந்தால் சுமையை இழுத்தே இறக்கலாம். பிஎம்டபிள்யூ டூரிங்குகள் பலவற்றில் பின் கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும்; நெருக்கமான நிறுத்துமிடத்தில் ஒரு பையை எடுக்கப் பெரிய உதவி.

ஏறி இறங்குவது: பெரியவர்களை அழைத்துப் போய்ச் சோதியுங்கள்

எஸ்டேட்டின் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் இருக்கும், எஸ்யூவியில் 65 முதல் 70. சாப்பாட்டு மேசை நாற்காலி 45 செ.மீ. என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்கள் புரியும். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கடினமானது உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ முழங்காலும் தொடையும் முழு பாரத்தையும் தூக்க வேண்டும். அதனால்தான் உயரம் உதவுகிறது. ஆனால் உயரம் கூடக்கூட நல்லது என்பதும் சரியல்ல. 150 செ.மீ. உயரமுள்ள அம்மாவுக்கு 75 செ.மீ. இருக்கை என்றால் சேலையோடு மேலே ஏற வேண்டும். இறங்கும்போது கால் தரையைத் தொடும் முன்பே இடுப்பு இருக்கையைவிட்டு நழுவிவிடும்.

சோதிக்கும் முறை இது. பெரியவர் கார் கதவைத் திறந்து, இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். இதைப் பின் இருக்கையிலும் செய்ய வேண்டும், மூன்று முறை அடுத்தடுத்து. முதல் முறை எல்லோராலும் முடியும். மூன்றாவது முறை முகத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தோற்பது பெரும்பாலும் உயரத்தில் அல்ல, சின்னச் சின்ன இடங்களில். கதவுக்குக் கீழேயுள்ள வாசற்பட்டை அகலமாக இருந்தால் இருக்கை எட்டாது. குளிர்காலத்தில் அந்தப் பட்டையில் உப்பும் சேறும் படிந்து சேலை, வேட்டி, பேண்ட் எல்லாவற்றிலும் ஒட்டும். கதவே கீழ்வரை இறங்கி அந்தப் பட்டையை மூடும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. எம் ஸ்போர்ட், எஸ் லைன், ஏஎம்ஜி லைன் போன்ற ஸ்போர்ட்ஸ் தோற்ற வகைகளில் இருக்கையின் ஓரங்கள் தூக்கலாக இருக்கும், பெரியவர்கள் அதைத் தாண்டிச் சரிய முடியாமல் தவிப்பார்கள். அந்த வகைகளில் பல தாழ்ந்த சஸ்பென்ஷனோடும் வரும். கழுத்து வலி உள்ளவருக்கு எஸ்டேட்டின் தாழ்ந்த கூரைவிளிம்புதான் எதிரி. பின் கதவு எத்தனை பாகை திறக்கிறது, கூரைக் கைப்பிடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஸ்டேட்டிலும் முன் பயணி இருக்கைக்கு உயரம் கூட்டும் வசதி இருந்தால் அதை முழுக்கத் தூக்கி வைத்துச் சோதியுங்கள். சில வீடுகளில் அதுவே போதுமாகிவிடுகிறது.

குழந்தை இருக்கை

பிரிட்டனில் குழந்தைக்கு 12 வயதாகும் வரை அல்லது உயரம் 135 செ.மீ. ஆகும் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, உரிய குழந்தை இருக்கை வேண்டும். ஐ-சைஸ் என்ற குழந்தை இருக்கை விதிப்படி 15 மாதம் வரை பின்னோக்கியே உட்கார வைக்க வேண்டும். பின்னோக்கிய இருக்கைதான் காரின் நீளத்தைத் தின்னும். அதைப் பூட்டியபின் அதற்கு முன்னாலுள்ள இருக்கையில் வீட்டிலேயே உயரமானவர் உட்கார்ந்து, முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். 3 சீரிஸ், ஏ4 அளவு எஸ்டேட்டுகள் இந்தச் சோதனையில் திணறும். சூப்பர்ப் எளிதாகத் தேறும், அதன் பின்னிருக்கைக் கால்வெளி பல எஸ்யூவிகளைவிடத் தாராளம்.

மூன்று குழந்தை இருக்கையை ஒரே வரிசையில் போட வேண்டுமா? பெரும்பாலான எஸ்டேட்டுகளிலும் எஸ்யூவிகளிலும் பின்வரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் கொக்கி) இரண்டு ஓர இருக்கைகளுக்கு மட்டும்தான். நடு இருக்கை குறுகல். பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள வண்டிகளில் நடுவே பெரிய மேடும் இருக்கும். முந்தைய தலைமுறை பெஜோ 5008 போல மூன்று தனித்தனி இருக்கைகள், மூன்றுக்கும் ஐசோஃபிக்ஸ் என்று உள்ள வண்டிகள் சிலவே. உங்களிடம் உள்ள இருக்கைகளை எடுத்துப் போய்ப் பூட்டிப் பாருங்கள். பூட்டினால் மட்டும் போதாது: நடுவில் இருப்பவரின் பெல்ட் கொக்கியை உங்கள் விரல் எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

கைக்குழந்தையைத் தூக்கி வைக்க எஸ்யூவி சுகம், இடுப்பை வளைக்க வேண்டாம். நான்கு ஐந்து வயதில் அதே குழந்தை தானாக ஏறப் பார்க்கும்போது எஸ்டேட் சுகம். பயணத்தில் வாந்தி வரும் குழந்தை என்றால் ஓட்டிப் பார்க்கும்போது கூடவே அழைத்துப் போங்கள். வளைவுகளில் உயரமான உடல் அதிகம் சாயும். பெரிய சக்கரமும் விறைப்பான சஸ்பென்ஷனும் சேர்ந்தால் பின்னிருக்கை குலுங்கும்.

உயர்ந்த பானெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய எஸ்யூவியின் மூக்குக்கு நேர் முன்னால் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் முன்பக்க கேமராவும் சென்சாரும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஏழு இருக்கை என்றால் உண்மையில் எத்தனை?

மூன்றாம் வரிசை வேண்டுமானால் எஸ்டேட்டில் வழி கிட்டத்தட்ட இல்லை. பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸ் எஸ்டேட் சிலவற்றில் பின்னோக்கி மடிந்து விரியும் சிறு பெஞ்சு உண்டு. அது குழந்தைகளுக்கு மட்டும். ஆகவே எஸ்யூவி, அல்லது அதைவிட நல்ல வழியான எம்பிவி (வேன் போன்ற குடும்பக் கார்). அன்றாடம் ஆறு ஏழு பேர் போகிற வீட்டுக்கு சறுக்குக் கதவுள்ள வண்டியே சரி, அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

ஏழிருக்கை எஸ்யூவியில் இரண்டு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. முதலாவது, ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கி ஏறக்குறைய மாயமாகிவிடும். முதல் தலைமுறை கோடியாக்கில் அப்போது மிஞ்சுவது 270 லிட்டர், புதியதில் 340; சிறிய காரான ஃபோக்ஸ்வாகன் போலோவின் டிக்கியே 351. ஏழு பேர், ஏழு பெட்டி என்ற விமான நிலையப் பயணம் இதில் நடக்காது. இரண்டாவது, இரண்டாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் இருக்கை பூட்டியிருந்தால் பல வண்டிகளில் அந்த இருக்கை முன்னால் மடியாது. இரண்டு ஓரத்திலும் குழந்தை இருக்கை இருந்தால் மூன்றாம் வரிசைக்கு டிக்கி வழியாகத்தான் ஏற வேண்டும். பாட்டியை எங்கே உட்கார வைப்பது என்பதை இந்த நிலையில் கடையிலேயே நடத்திப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி, பக்கத் திரை ஏர்பேக் அதுவரை நீள்கிறதா என்பதையும் கேளுங்கள்.

நிறுத்துமிடம், உயரத்தடை, ரூஃப் பாக்ஸ்

பிரிட்டனில் வழக்கமான நிறுத்துமிடக் கட்டம் 2.4 × 4.8 மீட்டர். வால்வோ வி90 4.9 மீட்டரைத் தாண்டும், சூப்பர்ப் எஸ்டேட் 4.86-க்கு மேல், மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்சி60 சுமார் 4.7 மீட்டர்தான், கட்டத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் கண்ணாடிகள் இல்லாமலே 1.9 மீட்டர் அகலம். இருபுறமும் வண்டி நின்றால் கதவை முழுக்கத் திறக்க முடியாது. ஆக, எஸ்டேட் நீளத்தில் படுத்தும், எஸ்யூவி அகலத்தில் படுத்தும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளின் ஒடுக்கமான தெருக்களில் இருபுறமும் வண்டி நிற்கும்போது அகலம்தான் பெரிய தொல்லை, பக்கக் கண்ணாடி போவதும் அங்கேதான். லண்டன் புறநகர்களில் 6 அடி 6 அங்குல அகலத்தடை உள்ள தெரு உங்கள் வழியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைமேல் பெட்டி வைக்கும்போது எஸ்டேட்டின் தாழ்வு கைகொடுக்கும். 1.43 மீட்டர் வி60 மேல் கம்பியும் பெட்டியுமாக 45 செ.மீ. சேர்த்தால் 1.88, பல மாடி நிறுத்துமிடங்களில் உள்ள 2 மீட்டர் தடைக்குக் கீழே போகலாம். 1.66 மீட்டர் எக்ஸ்சி60 மேல் அதே பெட்டி 2.1-ஐத் தாண்டிவிடும். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்க ரயிலில் பிரான்ஸ் போகிறவர்கள் 1.85 மீட்டருக்கு மேற்பட்ட வண்டி என்றால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும்; அதற்குத் தனி ரயில் பெட்டி. கூரைச் சுமை வரம்பு பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ, அதில் கம்பியின் எடையும் பெட்டியின் எடையும் அடக்கம். 20 கிலோ பெட்டி, 5 கிலோ கம்பி போனால் 75 கிலோ வரம்பில் மிஞ்சுவது 50. கனமான அரிசியும் கிரைண்டரும் கீழே, துணிமணி மேலே.

ஓட்டச் செலவு

ஒரே எஞ்சினில் எஸ்யூவி 10 முதல் 15 சதவீதம் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். எடை ஒரு காரணம். மோட்டார்வேயில் பெரிய காரணம் காற்றை எதிர்க்கும் முன்பரப்பு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் (வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு) மணிக்கு 30 மைல் நகர ஓட்டத்தில் வித்தியாசம் சிறிது, 70-ல் பெரிது. ஆண்டுக்கு 10,000 மைல், எஸ்டேட் கேலனுக்கு 45 மைல், எஸ்யூவி 39 என்றால் முறையே 1,010 லிட்டரும் 1,165 லிட்டரும் ஆகும். லிட்டர் 1.40 பவுண்ட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 217 பவுண்ட் வித்தியாசம். இது மட்டுமே முடிவை மாற்றாது. கூடவே டயரையும் சேருங்கள். வி60-க்கு 17, 18 அங்குலம் போதும், எக்ஸ்சி60 18, 19-ல் தொடங்கி 20-க்கு மேலும் போகும். ஒரே காரில் இரண்டு சக்கர அளவு கிடைத்தால் சிறியதை எடுங்கள்: டயர் மலிவு, குழிகளில் ரிம் தப்பிக்கும், பின்னால் உட்கார்ந்தவர் நிம்மதியாக இருப்பார்.

பனிக்காகவே எஸ்யூவி வாங்க வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் கிளம்ப உதவும். நிற்கவும் திரும்பவும் உதவுவது டயர் மட்டுமே. மலையும் பனிச்சில்லும் பொறித்த ஆல்-சீசன் டயர் போட்ட சாதாரண எஸ்டேட், கோடை டயர் போட்ட எஸ்யூவியைவிட ஈரக் குளிரில் பத்திரமாக நிற்கும். ஆல்ப்ஸ் பக்கம் போகிறவர்களுக்குப் பிரான்சின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தக் குறியுள்ள டயரோ சங்கிலியோ சட்டப்படியே வேண்டும்.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் பதிவான, பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல், டீசல், ஹைபிரிட் காருக்கு, இரண்டாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கூடுதல் சாலை வரி உண்டு. 2025 ஏப்ரல் கட்டணப்படி அது வழக்கமான 195 பவுண்டோடு மேலும் 425 ஆக இருந்தது. கணக்கில் வருவது காரின் பட்டியல் விலை, கூடவே போட்ட கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் எல்லாம் சேர்த்து. நீங்கள் பேரம் பேசிக் கொடுத்த விலை அல்ல. ஒரே மாடலில் ஒன்று கோட்டுக்குக் கீழே, இன்னொன்று மேலே இருக்கலாம். விலை கூடிய எஸ்யூவி இந்தக் கோட்டைத் தாண்டுவது அதிகம். பழைய கார் வாங்கும்போது பதிவெண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதே எண்ணை வைத்து இன்சூரன்ஸ் விலையும் முன்கூட்டியே கேளுங்கள். சாவி இல்லாமல் திறக்கும் எஸ்யூவிகள் திருடர்களுக்குப் பிடித்தவை, சில தபால் குறியீடுகளில் விலை மலைக்க வைக்கும்.

டீசல், ஆண்டுக்கு 12,000 மைலுக்கு மேல் மோட்டார்வே ஓட்டம் உள்ளவர்களுக்கே. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போகிற டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தமாக எரிக்க அவ்வப்போது மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல் 15, 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். லண்டனின் யூலெஸ் பகுதிக்குள் (புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) யூரோ 6 புகைத் தரத்துக்குக் கீழான டீசல் என்றால் நாளுக்கு 12.50 பவுண்ட், 2015 செப்டம்பருக்கு முன் பதிவான டீசலை எண் போட்டுச் சரிபார்க்காமல் தொட வேண்டாம். பிளக்-இன் ஹைபிரிட் எடுத்தால் டிக்கியை மறுபடி அளங்கள். பல மாடல்களில் பேட்டரி தரையை உயர்த்திவிடும்.

நடுவழி ஒன்று

வால்வோவின் கிராஸ் கன்ட்ரி, ஆடியின் ஆல்ரோட் போன்ற உயர்த்திய எஸ்டேட்டுகள் பலர் நினைப்பதைவிட நல்ல பதில். எஸ்டேட்டின் டிக்கி அப்படியே இருக்கும், இருக்கை சில செ.மீ. உயரும். வி90 கிராஸ் கன்ட்ரியின் தரை இடைவெளி 210 மி.மீ.; பல எஸ்யூவிகளுக்கு இணை. லேசான மூட்டு வலி உள்ள பெரியவர் இருக்கும் நான்கு ஐந்து பேர் குடும்பத்துக்கு முதலில் இதைப் பார்க்கச் சொல்வோம். விலை சற்றுக் கூடுதல், நான்கு சக்கர இயக்கத்தின் பராமரிப்பும் கூடவே வரும்.

பழைய காரில் எதைப் பார்ப்பது

எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையின் வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் படியுங்கள். தேர்ச்சியைவிட அதில் உள்ள எச்சரிக்கைக் குறிப்புகள் முக்கியம்: ஆண்டாண்டாக வரும் சஸ்பென்ஷன் புஷ் தேய்மானம், பிரேக் குழாய்த் துரு.

இ-கிளாஸ் எஸ்டேட்டிலும் 5 சீரிஸ் டூரிங்கிலும் பின்பக்கம் காற்றுப்பை சஸ்பென்ஷன் உண்டு. சுமை ஏற்றினாலும் வால் தொங்காமல் இருக்க அது. வயதானால் ரப்பர் பையில் விரிசல் விட்டுக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகும். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில், எஞ்சின் போடும் முன் பாருங்கள். பின்சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே இருபுறமும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பையையும் கம்ப்ரஸரையும் சேர்த்தே விலையில் கழியுங்கள். விற்பவர் "இப்போதுதான் ஓட்டி வந்தேன்" என்று எஞ்சின் சூடாகக் காட்டினால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்று பாருங்கள். அச்சுக்கு அச்சு வித்தியாசம் இருந்தால் முன், பின் அச்சுகளை இணைக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். பிஎம்டபிள்யூ எக்ஸ்டிரைவில் மெதுவாகத் திருப்பும்போது வரும் குலுக்கல் அதன் அறிகுறியாக இருக்கலாம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், வால்வோ வண்டிகளின் ஹால்டெக்ஸ் என்ற நான்கு சக்கர இயக்க அமைப்பில் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். புதிய தலைமுறைகளில் பம்பின் வலைச்சல்லடை அடைத்து பம்ப் செத்துப்போகும், எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் பின்சக்கரம் ஓய்ந்துவிடும். எண்ணெய் மாற்றும்போதே பம்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்ததாக ரசீதில் எழுதியிருந்தால், அந்த வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னிப் பள்ளத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பின்விளக்கு ரப்பரோ கூரைக்கம்பி அடிப்பகுதியோ ஒழுகுகிறது. பல எஸ்டேட்டுகளில் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மின்னணுப் பெட்டிகள் இருப்பதால் இது கம்பளம் நனைவதோடு நிற்காது. பின் கதவின் கீல் பக்கம் உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் உள்ளே கம்பி அறுந்திருந்தால் பின் வைப்பர், எண்பலகை விளக்கு, டிக்கிப் பூட்டு இவற்றில் ஏதாவது ஒன்று விட்டு விட்டு வேலை செய்யும். கண்ணாடிக் கூரை உள்ள வண்டியில் கூரையைத் திறந்து, ஓரப் பள்ளத்தில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாமல் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி அடியில் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.